பழைய பலகையில் வீட்டுச் சாமான்: ரம்பம் எடுப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. மறுநடவுக்காகச் சாய்க்கப்படும் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்), இடிபடும் தோட்டத்து லயத்து வீடுகள், தொழிற்சாலை வாசலில் குவிந்து கிடக்கும், சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகள், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வீசப்பட்ட கட்டில் சட்டங்கள் என்று கண்ணில் படாத நாள் கிடையாது. கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து மணை, செருப்பு அடுக்கு, சுவர்த்தட்டு, சாமி மேடை என்று செய்யப் பலர் ஆர்வமாக இறங்குகிறார்கள். ஆறு மாதத்தில் பலகை கோணி, மூட்டு விட்டு, மாவு மாவாக உதிரத் தொடங்கியதும் தங்களுக்குத் தச்சுக் கை வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பொருட்களைப் பிரித்துப் பார்த்தால், முக்கால்வாசிப் பிழை பலகையைப் பொறுக்கிய இடத்திலும் அதைக் காய வைக்காத இடத்திலும்தான் இருக்கும்.

வீட்டுக்குள் வரவே கூடாத மரம்

இதில்தான் உடம்புக்கே கேடு இருக்கிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ரயில் சிலிப்பர் கட்டை பார்க்க அழகாக இருக்கும். ஈப்போ–பாடாங் பெசார் இரட்டைத் தண்டவாளம் 2014இல் முடிந்தபோது கான்கிரீட் சிலிப்பர்கள் வந்துவிட்டன. பழைய மரக்கட்டைகள் இன்னும் அங்கங்கே கை மாறுகின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். வெயில் பட்டால் கறுப்பாகக் கசியும், தார் வாடை வரும். அது தோலை எரிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகலாம். வாடை வரும் கட்டையை மேசையாக, பெஞ்சாக, குழந்தை தொடும் எதுவாகவும் ஆக்காதீர்கள்.

கூரைச் சட்டங்களில் பச்சை சாயல் தெரிந்தால் அது பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரம். அதை இழைத்தால் தூளோடு ஆர்சனிக்கும் மூக்கில் ஏறும். மிச்சத் துண்டை அடுப்பில் போட்டால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. சமையலறைக்கும் காய்கறித் தொட்டிக்கும் அது ஆகவே ஆகாது.

பேலட்டில் முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர் படம், நாட்டுக் குறியீடு (மலேசியாவுக்கு MY), பக்கத்தில் எச்.டி. (HT) அல்லது எம்.பி. (MB) என்ற எழுத்துகள் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை ஏற்றியது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாதது எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது.

நம் ஊருக்கென்றே இன்னொரு ஆபத்து உண்டு. தோட்டத்து மருந்துக் கொட்டகையில் கிடந்த பேலட்டில் எச்.டி. முத்திரை இருந்தாலும் பயனில்லை. அந்த முத்திரை பூச்சிக்கானது, பிறகு மேலே சிந்தியதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. அதற்கு முன்பு வருடக்கணக்கில் மருந்துக் கலன்கள் நின்ற பலகைகள் இன்னும் புழங்குகின்றன. கறையும் மருந்து வாடையும் உள்ள பலகையை எவ்வளவு இழைத்தாலும் நம்பக்கூடாது.

பழைய சுவர்ப்பலகையில் அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பெயிண்ட் இல்லாத பின்பக்கத்தை மட்டும் பயன்படுத்த நினைத்தாலும் முன்பக்கம் உரிந்து உதிரத்தான் செய்யும். வேறு பலகை தேடுவதே நல்லது.

எதற்கு எந்த மரம்

லயத்து வீட்டிலிருந்து வரும் தூணும் சட்டமும் செங்கால், கெம்பாஸ் மாதிரி கனமரமாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவர்ப்பலகை மெராந்தி போன்ற இலகு மரமாக இருக்கும். தூக்கிப் பார்த்தாலே பிடிபடும். காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் இருக்கும். மழை வெயில் படும் வாசற்படி, வெளித்திண்ணைப் பெஞ்சு ஆகியவற்றுக்கு அதை ஒதுக்கி வையுங்கள். செங்காலை அறுத்துச் சுவர்த்தட்டு செய்தால் சுவர் ஆணிக்குத்தான் பாரம். மெராந்தியை வெளியே போட்டால் மழைக்கு மெல்ல மக்கிவிடும்.

பால்மரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூவார் தொழிற்சாலைகளில் செய்து ஏற்றுமதியாகும் தளவாடம் பெரும்பாலும் பால்மரம்தானே, நம் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்த மரத்தையும் அறுக்கலாமே என்று தோன்றும். தொழிற்சாலைக்காரர்கள் அறுத்த சில நாட்களுக்குள் போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்துகிறார்கள். காரணம், பால்மரத்தில் மாவுச்சத்து நிறைய. வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை படர்ந்து உள்ளே ஓடிவிடும். அடுத்து வண்டு வந்துவிடும். தோட்டத்தில் கிடக்கும் பச்சைக் கட்டையைவிட, தளவாடக் கடையில் மிஞ்சும் துண்டுப்பலகை நூறு மடங்கு மேல்.

செம்பனைத் தண்டை முயலவே வேண்டாம். அதில் நீரும் மாவும் நாரும்தான். காய்ந்தால் சுருங்கி நொறுங்கும். தூக்கி எறிந்த அலமாரியின் தூள் அட்டைப்பலகையும் அப்படித்தான்: ஒருமுறை ஸ்குரு கழன்ற இடத்தில் மறுபடி பிடிக்காது, ஈரம் பட்டால் ஊதிவிடும்.

காய்ந்துவிட்டது என்று கையால் தொட்டு முடிவு செய்வது

மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பது மரத்தின் இயல்பு. ஈர மரத்தில் செய்த சாமானை ஏர்கண்ட் அறைக்குள் வைத்தால் இரண்டே வாரத்தில் வளையும், மூட்டு வாயைத் திறக்கும்.

அடுக்கும் முறை: தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், நிழலில், காற்று நுழையும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. கனத்தில் குறுக்குக் குச்சிகள், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளியில். மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளையும். மேலே கனமாக ஏதாவது வையுங்கள். வெட்டுமுனைகளுக்குப் பழைய பெயிண்ட் ஒரு பூச்சு கொடுங்கள். ஈரம் முனை வழியே வேகமாக ஓடுவதால்தான் முனையில் வெடிப்பு விழுகிறது. வெயிலில் பரப்பிச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தால் இதே வெடிப்புதான் மிஞ்சும்.

ஈரமானி இல்லையா? சமையலறைத் தராசு போதும். அடுக்கிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் தேதியோடு எடையை எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். 500 கிராம் இருந்தது 470, 455, 448 என்று இறங்கும். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் அந்த இடத்துக் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஏர்கண்ட் அறைக்குப் போகும் பொருள் என்றால், அறுத்த துண்டுகளை அந்த அறையிலேயே இன்னும் இரண்டு வாரம் வைத்துவிட்டுப் பிறகு மூட்டுங்கள்.

மாவு உதிர்வதைக் கண்டுகொள்ளாமல் விடுவது

பலகையைத் தட்டினால் பவுடர் மாதிரி மெல்லிய மாவு கொட்டுகிறதா? அது உளுப்பு வண்டு. குருணை குருணையாக, விரலில் உருளும்படி கொட்டினால் உலர்மரக் கரையான். மண் குழாய் தெரிந்தால் நிலக்கரையான். அந்தப் பலகையை வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வண்டு மட்டும் என்றால் காப்பாற்றலாம். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 40 கிராம் போரிக் அமிலமும் முழுதாகக் கரையும்வரை கலக்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பெயிண்ட் இல்லாத பலகைக்கு இரண்டு மூன்று பூச்சு ஈரமாகக் கொடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு வாரம் விடுங்கள். போரான் ஈரத்தோடு ஈரமாகத்தான் உள்ளே இறங்கும். காய்ந்த மரத்தில் அவசரமாகப் பூசிக் காய விட்டால் மேலேயே உப்பாக நின்றுவிடும். பிறகு சுற்றைப் பிரித்து முறைப்படி உலர்த்துங்கள். உணவு படும் பலகைக்கு இந்தக் கரைசல் கூடாது. மழையில் நிற்கும் பொருளுக்கும் பயன் இல்லை, கழுவிக்கொண்டு போய்விடும். கரைசலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இந்த வண்டு பூச்சில்லாத மரத்தின் துளைகளில்தான் முட்டையிடும். ஆகவே வார்னிஷ் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து அடியுங்கள். முன்பக்கம் பளபளத்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அலமாரிகள் பின்னாலிருந்துதான் உளுக்கின்றன.

பிரிப்பதிலும் மூட்டுவதிலும்

பேலட்டைக் கடப்பாரையால் நெம்பினால் மூன்றில் ஒரு பலகை பிளக்கும். அதன் ஆணிகளில் முறுக்கு வரி இருக்கும், நெம்பினால் சுலபத்தில் வராது. இரும்பு அறுக்கும் ரம்பத் தகட்டைப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள். தலை பலகையில் தங்கும். பின்னாலிருந்து சின்ன ஆணியால் தட்டினால் வெளியே வரும். இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் ஓட்டுங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஒரே ஆணி இழைப்புளி வாயைக் கெடுத்துவிடும். மின்ரம்பத்தில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து.

கனமரத்தில் நேரே ஆணி அடித்தால் ஒன்று ஆணி வளையும், இல்லை பலகை பிளக்கும். 4 மி.மீ. ஸ்குருவுக்குச் செங்காலில் 3 மி.மீ. துளை, மெராந்தியில் 2.5 மி.மீ. துளை முதலில் போடுங்கள். ஸ்குரு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அடிப்பலகைக்குள் போக வேண்டும். புரிக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் சுலபமாக இறங்கும். சோப்பு தேய்த்தால் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கும். பித்தளை ஸ்குரு வேண்டுமானால் அதே அளவு இரும்பு ஸ்குருவை முதலில் ஏற்றிக் கழற்றிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் தலை முறியும்.

பழைய பலகையின் அழுக்கு முகத்தில் பசை பிடிக்காது. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் புதிதாக இழைத்து அன்றே ஒட்டுங்கள். கெருயிங் போன்ற பிசின் மரமென்றால் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டலாம். வெள்ளைப்பசைக்குக் கிளாம்ப் ஒரு மணி நேரம், முழுப்பிடிக்கு 24 மணி நேரம்.

பலகை நீளவாக்கில் மாறாது. அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். 400 மி.மீ. அகலமுள்ள மேசைப்பலகை மழைமாதத்துக்கும் ஏர்கண்ட் அறைக்கும் இடையே ஏறக்குறைய 4 மி.மீ. வரை அசையலாம். அதை நான்கு பக்கமும் இறுக ஸ்குரு வைத்துக் கட்டினால் நடுவில் பிளந்துதான் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். நடுவில் மட்டும் இறுக்கி, ஓரங்களில் அடிச்சட்டத்துத் துளையை 8 முதல் 10 மி.மீ. நீளத்துக்கு அகலவாக்கில் நீட்டி, வாஷர் போட்டு விடுங்கள்.

சுவர்த்தட்டில் தாங்கிகளுக்கு இடையே தூரம் இரட்டிப்பானால், அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்காகும். 18 மி.மீ. பலகைக்கு 600 மி.மீ.க்கு மேல் இடைவெளி வைக்காதீர்கள். மசாலாப் போத்தல்கள் அடுக்கினாலே 900 மி.மீ. தட்டு ஒரு வருடத்தில் தொய்ந்துவிடும்.

பூச்சு

உப்புத்தாளால் தேய்ப்பது 80, 120, 180 என்ற எண் வரிசையில், நாரோடு நேராக. 80இலிருந்து நேரே 240க்குத் தாவினால் கீறல் மறைந்த மாதிரி இருந்து, வார்னிஷ் பட்டதும் வெளியே வரும். என்95 முகக்கவசம் கட்டாயம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

தீபாவளிக்கு முடித்துவிட வேண்டும் என்று எல்லாரும் அக்டோபர், நவம்பரில் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடிக்கிறார்கள். பேராக்கில் மழை கொட்டும் மாதங்கள் அவை. ஈரக்காற்றில் தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு வெள்ளையாக மங்கிவிடும். மாலை மழைக்கு முன், காலை பத்து மணிக்கு மேல் மெல்லிய பூச்சாக அடியுங்கள். மங்கிப்போனதைச் சுரண்டத் தேவையில்லை. வெயில் நாளில் வெறும் தின்னரை மெல்லத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வெட்டுப்பலகைக்கு வார்னிஷும் வேண்டாம், சமையல் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பிசுபிசுத்து வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவி ஓர் இரவு ஊற விட்டுத் துடையுங்கள். கழுவிய பின் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

ஆளிவிதை எண்ணெய், தேக்கு எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடுவது பெரிய ஆபத்து. அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும், குவியலாக இருந்தால் நெருப்பே பிடிக்கும். வெளியே விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி வையுங்கள்.

சாமி மேடைக்குத் தனிக் கவனம் வேண்டும். லாக்கர் நன்றாகக் காய ஒரு வாரமாவது விட்ட பிறகே விளக்கேற்றுங்கள். சுடருக்கு மேலே ஒன்றரை அடியாவது வெற்றிடம் இல்லாமல் மேல்தட்டு வைத்தால் நாளடைவில் கருகும். விளக்கு நிற்கும் இடத்தில் தரை ஓடு ஒன்றைப் பதித்து, அதன் மேல் விளிம்புள்ள பித்தளைத் தட்டு வையுங்கள். கற்பூரத்தை மரத்தின் மேல் நேரே கொளுத்தவே கூடாது. வெட்டுமுனைகளில் இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள், எண்ணெய் அந்த வழியாகத்தான் உறிஞ்சப்படும். வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போது தட்டைத் தூக்கி அடியில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள்.