அம்மப்பாவின் சீவுளி

மட்டக்களப்பின் கல்லடியில் கடலும் வாவியும் இரு பக்கமும் இருப்பதால், இரும்பு எதையும் உப்புக் காற்று விட்டுவைக்காது. அம்மப்பாவின் ஆயுதப் பெட்டியைத் திறந்தபோது, மரம் இழைக்கும் சீவுளி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ‘ரெக்கார்ட் 04’, முழுக்கக் கறள்.

எல்லாவற்றையும் கழற்றி, அலகை ஒரு நாள் வினாகிரியில் ஊறவைத்தேன். பித்தளைத் திருகையும் மரக் கைப்பிடியையும் அதில் போடவில்லை. கறள் கழன்றது. கழுவி வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் மறுபடி செம்மஞ்சள் படலம்! மனம் நொந்து போனது.

மிஞ்சிய அமிலமும் ஈரமும்தான் காரணம். திரும்ப ஊறவைத்து, இம்முறை அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் தையல் மெசின் எண்ணெய் பூசினேன். படலம் வரவேயில்லை.

அடிப்பாகத்தைக் கண்ணாடித் துண்டில் ஒட்டிய சாண்ட் பேப்பரில் தேய்த்துச் சமப்படுத்தினேன். அலகை 25 பாகைச் சரிவில் தீட்டினேன். கைப்பிடியைச் சுரண்டவில்லை. அம்மப்பாவின் உள்ளங்கை பட்டு வந்த மினுக்கம் அது, அதை எப்படி எடுப்பது?

தேக்குப் பலகையில் ஒரு தள்ளு. சுருள் மெல்லிய கடதாசி போல வந்தது. கறள் வராதிருக்கப் பெட்டிக்குள் இப்போது கற்பூரமும் வைத்திருக்கிறேன். அடுத்தது உளிகள்.