‘பறிப்பார்’ என்ற ஒரு சொல்லும் மூன்று ஆங்கில வினைகளும்

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை வேளைகளில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கோ, வென்ட், கான் என்ற வாய்பாடு பலருக்கும் மனப்பாடம். ஆனாலும் பேசும்போது காலம் பிசகுகிறது. தமிழில் சரியாக யோசித்து அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வதால் வரும் பிசகு இது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாணவர் ஒருவர், “ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே” என்றார். ‘தினமும் ஐந்து மணிக்கு எழுவேன்’ என்பதுதான் அவர் மனத்தில் இருந்தது. தமிழில் ‘எழுவேன்’ வடிவத்தில் எதிர்காலம்; ஆனால் வழக்கத்தையும் அதுவே சொல்லும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு நிகழ்காலம்தான்: ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’. நேர்முகத் தேர்வில் “ஐ வில் செக் த மெஷின் எவ்ரி மார்னிங்” என்றால், இனிமேல்தான் செய்யப்போகிறீர்கள் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். இத்தனை வருட உழைப்பு ஒரு ‘வில்’லில் மறைந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘அறுவடைக் காலத்தில் அம்மா தினமும் பழம் பறிப்பார்’, ‘அந்தக் காலத்தில் பாட்டி பறிப்பார்’, ‘நாளை அக்கா பறிப்பார்’. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் அம்மாவுக்கு ‘பிக்ஸ்’, பாட்டிக்கு ‘யூஸ்ட் டு பிக்’, அக்காவுக்கு மட்டும் ‘வில் பிக்’. வாயைத் திறக்கும் முன் இது வழக்கமா, பழைய வழக்கமா, இனி நடப்பதா என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘நேற்று ஏற்காடு போயிருந்தேன்’. இதை ‘ஐ ஹேட் கான் எஸ்டர்டே’ என்கிறோம். நேற்று என்று நாள் சொல்லிவிட்டால் ‘ஐ வென்ட்’ போதும். ‘ஐ ஹேவ் கான் எஸ்டர்டே’ என்பதும் பிழையே. ‘மழை பிடித்தபோது பஸ் இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியிருந்தது’ என்பதுபோல, கடந்துபோன ஒன்றுக்கும் முந்தையதைச் சொல்லத்தான் ‘ஹேட் கிராஸ்ட்’ வேண்டும். நாள் குறிக்காமல், போன அனுபவம் உண்டு என்று சொல்ல ‘ஐ ஹேவ் பீன் டு ஏற்காடு’.

‘பத்து வருடங்களாக வேலை செய்கிறேன்’ என்பது ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டென் இயர்ஸ்’ ஆகாது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டென் இயர்ஸ்’ என்க. ‘சின்ஸ் 2015’ என்பதுபோலத் தொடங்கிய காலத்தைச் சொன்னால் மட்டும் ‘சின்ஸ்’. ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு ‘ஐ ஆம் நோயிங்’ வேண்டாம், ‘ஐ நோ’.

‘டிட் நாட் வென்ட்’ என்ற தவற்றுக்குத் தமிழே மருந்து தருகிறது. ‘போகவில்லை’ என்பதில் உள்ள ‘போக’ காலம் காட்டுகிறதா? இல்லை. ‘டிட் நாட்’ வந்தபின் நிற்கும் ‘கோ’வும் அப்படித்தான், காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொண்டுவிட்டது. இதைச் சொன்ன மாலையே கொலுசுப் பட்டறைக்காரர், “எஸ்டர்டே ஐ டிட் நாட் கோ டு த ஷாப்” என்று தயங்காமல் சொன்னார்.