பழைய போர்ப்படங்களில் வரும் ராணுவப் போக்குவரத்து விமானங்களை அடையாளம் காண்பது எப்படி?

பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு திரையில் புறப்படும் விமானம் எது என்று அறிய விரும்புகிறவர்கள் அதன் வண்ணத்தையும் சின்னத்தையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். படப்பிடிப்புக்காக வண்ணத்தை எளிதில் மாற்றிவிடலாம். எஞ்சின்களின் எண்ணிக்கையையோ கதவு இருக்கும் பக்கத்தையோ அப்படி மாற்ற முடியாது. விமானம் ஓடுபாதையில் பக்கவாட்டாக நகரும் காட்சியில் படத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். வானில் பறக்கும் காட்சிகள் பல படங்களில் பழைய ஆவணப் படச்சுருள்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், புறப்பட்ட விமானமும் பறக்கும் விமானமும் வெவ்வேறாக இருப்பதுண்டு.

முதலில் எஞ்சின்களை எண்ணுங்கள். மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்று என மூன்று எஞ்சின்கள் இருந்து, உடலும் இறக்கையும் கூரைத் தகடு போல நெளிநெளியாக இருந்தால், அது ஜெர்மனியின் யுங்கர்ஸ் யு-52 வகை. சக்கரங்கள் பறக்கும்போதும் உள்ளே மடங்குவதில்லை. முன்புறக் காட்சி கிடைத்தால் இறக்கை எஞ்சின்களைக் கவனியுங்கள்: ஒரு பக்க எஞ்சின் நின்றுபோனாலும் விமானம் அதிகம் திரும்பிவிடாதபடி, அவை சற்று வெளிநோக்கித் திருப்பிப் பொருத்தப்பட்டிருக்கும். இந்த அடையாளம் ஒன்றே போதும் என்பது என் கருத்து. ஆனால், திரையில் இருப்பது ஜெர்மன் படையில் பறந்த விமானம்தான் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. இதே விமானத்தைப் போருக்குப் பின்னும் ஸ்பெயின் காசா 352 என்றும், பிரான்ஸ் துக்கான் என்றும் தயாரித்தன. 1968-ல் படமாக்கப்பட்ட 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்தில் பறப்பது சுவிஸ் விமானப் படையின் யு-52. போர்க்காலத்தில் இவ்வகையில் பொதுவாக இரண்டு இதழ் புரொப்பெல்லர்களே இருந்தன. மூன்று இதழ்கள் தெரிந்தால் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

இரண்டு எஞ்சின்கள் இருந்தால், பெரும்பாலும் அது அமெரிக்காவின் டக்ளஸ் சி-47; பிரிட்டிஷ் படையில் இதன் பெயர் டகோட்டா. இடப்பக்கத்தின் பின்பகுதியில் அகலமான சரக்குக் கதவு இருக்கும். சக்கரங்கள் மடங்கிய பின்னும் அவற்றின் அடிப்பாகம் எஞ்சின் கூட்டுக்குக் கீழே வெளியே தெரியும். நெருக்கக் காட்சியில் ஜன்னல் கண்ணாடிகளின் நடுவே சிறிய வட்டத் துளை தென்பட்டால், அது உள்ளிருந்து துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்காக வைக்கப்பட்டது. இதே வடிவமைப்பின் பயணிகள் விமானமான டிசி-3-இல் அது கிடையாது. பயணிகள் கதவு வலப்பக்கம் இருந்தால், டிசி-3-க்கு உரிமம் பெற்று சோவியத் நாட்டில் தயாரிக்கப்பட்ட லி-2 ஆக இருக்கலாம். டகோட்டாவைவிடப் பருத்த உடலும், மூக்கிலிருந்து விமானி அறைக் கண்ணாடி வரை படியே இல்லாத வளைவும் கொண்டது கர்ட்டிஸ் சி-46. வால் இரட்டைத் தண்டுகளில் நின்றால் அது பெரும்பாலும் சி-119. 1947-ல்தான் முதலில் பறந்தது என்பதால், இரண்டாம் உலகப் போர்க் கதையில் அதற்கு இடமில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு சின்னத்தைப் பாருங்கள். அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பு வட்டம் 1942 மே மாதத்தில் நீக்கப்பட்டது. இரு பக்கமும் வெள்ளைப் பட்டைகள் 1943-ன் நடுவில் சேர்ந்தன. இறக்கையிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என மாறி மாறி வரும் அகன்ற கோடுகள் 1944 ஜூன் மாத நார்மண்டிப் படையெடுப்புக்காகத் தீட்டப்பட்டவை. ஆகவே, 1943-ல் சிசிலியில் நடக்கும் கதையில் அந்தக் கோடுகளுடன் டகோட்டா வந்தால், வேறொரு காட்சிக்கான வண்ணத்தோடு அதைப் பறக்கவிட்டிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம்.