கனகராயன் ஆற்றைத் திரையில் ஓட்டிக் காட்டுவது எப்படி

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். ஒரு குளத்துக்கோ ஆற்றுக்கோ மழைநீரைச் சேர்த்துத் தரும் நிலப்பரப்பான நீரேந்துப் பிரதேசம் என்ற சொல்லை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளும் கொப்பியில் அழகாக எழுதிக்கொள்வார்கள். இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "மழையில இருந்து ரீச்சர்" என்பார்கள். பிழையில்லை. ஆனால் வவுனியாப் பக்கம் பெய்த மழைதான் கனகராயன் ஆறாக ஓடிவந்து இங்கே குளத்தை நிரப்புகிறது என்பது மனதில் ஏறியிருக்காது. அதைக் கண்ணால் காணச் செய்யத்தான் லாப்டொப்பை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

முதல் வேலை வீட்டில். இணையம் ஓரளவு வேகமாக இருக்கும் நேரம் பார்த்துக் கூகிள் ஏர்த்தை பிரவுசரிலேயே திறக்கலாம், எதையும் நிறுவத் தேவையில்லை. ஆற்றைத் தேடாதீர்கள், உங்கள் பாடசாலையைத் தேடுங்கள். தங்கள் கூரையை மேலிருந்து கண்ட பிள்ளை அதற்குப் பிறகு எங்கே கூட்டிப்போனாலும் வரும். பாடசாலையிலிருந்து இரணைமடு, குளத்திலிருந்து தெற்கே ஆறு, ஏ9 வீதியோரம் கனகராயன்குளம், அப்படியே வவுனியா மாவட்டத்துக் காடு. திரும்பி வந்து குளத்துக்கு வடக்கே சுண்டிக்குளம் களப்பு வரை. ஒவ்வொரு இடத்திலும் நின்று விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சுட்டியை வைக்கும் இடத்தின் உயரம் கீழ் மூலையில் மீற்றரில் தெரியும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தெற்கிலிருந்து வடக்கே அந்த எண் குறைந்துகொண்டே வரும். ஆறு ஏன் வடக்கே ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்தது கூகிள் ஸ்லைட்ஸ். மாவட்டங்கள் எல்லாம் தெரியும் ஒரு படத்தை ஸ்லைட் முழுக்கப் போடுங்கள். ஆறு தொடங்கும் இடத்தில் நீலக் கோடு ஒன்று, ஒரு அங்குலம் மட்டும். அந்த ஸ்லைடைப் பிரதி எடுத்து, பிரதியில் கோட்டை இன்னொரு அங்குலம் நீட்டுங்கள். திரும்பவும் பிரதி, திரும்பவும் கோடு. பன்னிரண்டு ஸ்லைட் போதும். வகுப்பில் அம்புக்குறியை அழுத்த அழுத்த ஆறு ஓடும். அசைவூட்டம் எதுவும் வேண்டாம், அது பழைய கணினிகளில் திக்கித் திக்கித்தான் ஓடும்.

பாதி வழியில் நிறுத்தி, "இனி எங்க போகும்?" என்று கேளுங்கள். என் வகுப்பில் கடைசி வாங்கிலிருந்த பிள்ளை எழும்பி வந்து திரையில் விரலை வைத்து, "இதால போகேலாது ரீச்சர், இது மேடு" என்றான். அந்த நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் பேசத் தொடங்கினால் விசைப்பலகையில் பி (B) எழுத்தை அழுத்துங்கள், திரை கறுப்பாகிவிடும். படம் தெரிந்துகொண்டே இருந்தால் எல்லாக் கண்ணும் அதிலேயே இருக்கும், பேச்சு வளராது. மறுபடி அழுத்தினால் படம் வரும்.

எழுத்துரு விஷயத்தில் கவனம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பாடக் குறிப்பை ஸ்லைட்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும், மாற்றித் தரும் தளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்தளவு 32க்குக் குறையாமல் பாருங்கள். அரைச்சுவர் வகுப்பில் வெளிச்சம் நாலு பக்கமும் வரும், கறுப்புப் பின்னணியில் மெல்லிய எழுத்து ஒன்றும் தெரியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்துத்தான் சரி.

கோப்பைப் பிடிஎஃப் ஆக இறக்கிப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் இணையத்தை நம்ப வேண்டாம். விஞ்ஞானம் படிப்பிப்பவர்களுக்கு ஃபெட் (PhET) செயல்மாதிரிகள், அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் பரிசோதனைகள், உதவும். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தினுடையவை, மின்சுற்றுப் பாடத்துக்கு மிக நல்லவை, பலவற்றை இறக்கி வைத்து இணையம் இல்லாமலே ஓட்டலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். கூகிள் ஏர்த்தில் ஆண்டுகளைப் பின்னால் நகர்த்திப் பழைய படங்களையும் பார்க்கலாம். நம் மண்ணில் 2009ஐ அண்டிய படத்தைத் திரையில் விடுவதற்கு முன் தனியே இருந்து பாருங்கள். உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளையின் வீட்டில் அந்த ஆண்டு இன்னும் முடியாமல் இருக்கலாம். குளத்தைப் பற்றிய பாடத்துக்கு அது தேவையும் இல்லை.

கரண்ட் போகும் நாளுக்கு அந்த மாவட்டப் படத்தை ஏ4 தாளில் அச்சடித்து, இரண்டு பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுப்பேன். வீட்டுக்கு மிக அருகே ஓடும் வாய்க்காலையோ அருவியையோ வரைந்து, அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். வரைபடத்தில் இல்லாத பெயர்கள் வரும். அவற்றை அன்றிரவே பதின்மூன்றாவது ஸ்லைடில் தட்டிச் சேர்த்துவிடுவேன், அடுத்த பாடவேளை அங்கிருந்துதான் தொடங்கும்.