போனது வேளச்சேரியில், ஆள் போனது பெருங்குடிக்கு

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். நெட்வொர்க் கண்காணிப்பில் விடியற்காலை ஷிஃப்டில் நான்தான் இருந்தேன். திரையில் 43 சாதனங்கள் ஒரே நேரத்தில் சிவப்பாயின, அதாவது பதில் தரவில்லை. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று சென்னையின் ஓ.எம்.ஆர். சாலைக் கட்டடங்கள் மொத்தமும். பட்டியலில் முதலில் நின்றது பெருங்குடி. ஃபீல்டு அண்ணன் ஒருவரை அங்கே போகச் சொன்னேன். இடுப்பளவு தண்ணீரில் போய்ச் சேர்ந்தவர், "இங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுதும்மா" என்றார். போயிருந்தது வேளச்சேரியில் ஒரே ஒரு ஸ்விட்ச் (சாதனங்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி). மற்ற 42-ம் அதற்குப் பின்னால் இருந்தவை. எங்கள் என்எம்எஸ்ஸுக்கு (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள்) அது தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்லி வைக்கவில்லை. எது எதன் கீழ் வருகிறது என்று அதில் கிளை கிளையாக எழுதி வைக்கும் பட்டியலை மரம் என்போம். அடுத்த மாதமே அந்த மரத்தை முதலிலிருந்து கட்டினேன். அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சாதனத்தைப் பற்றி மூன்று கேள்விகள் உண்டு. எந்த இடத்தில் இருக்கிறது? எதற்குள் எது இருக்கிறது? எதன் வழியாக நமக்குத் தெரிகிறது? மூன்றுக்கும் தனித்தனி மரம் வேண்டும். நாங்கள் மூன்றையும் ஒரே மரத்தில் திணித்திருந்தோம்.

இட மரம் எளிது. நகரம், கட்டடம், தளம், ரேக் (சாதனங்களை அடுக்கும் சட்டம்) என நான்கு படி போதும். வாடிக்கையாளர் பெயர், தயாரிப்பாளர் பெயர் எதையும் கிளையாக்காதீர்கள். அவற்றை டேகாக (சாதனத்தின் மேல் ஒட்டும் குறிச்சொல்) போடுங்கள்.

இரண்டாவது, சேஸிக்குள் (சாதனத்தின் வெளிக்கூடு) கார்டு, கார்டுக்குள் போர்ட் என்று போகும் மரம். இதைக் கையால் கட்ட வேண்டாம். என்டிட்டி மிப் (தன் பாகங்களைச் சொல்லும் தரப் பட்டியல்) ஆதரிக்கும் சாதனத்தை எஸ்என்எம்பி (சாதனங்களிடம் தகவல் கேட்கும் நெறிமுறை) வழியாகக் கேட்டால் அதுவே சொல்லும். ஒவ்வொரு பாகமும் எதற்குள் இருக்கிறது என்று 1.3.6.1.2.1.47.1.1.1.1.4 என்ற ஓஐடியில் (ஒரு தகவலின் முகவரி எண்) எண்ணாக வரும். 0 வந்தால் அதுதான் உச்சி. ஒரு எச்சரிக்கை: போர்ட்டை அதன் ஐஎஃப்இண்டெக்ஸ் எண்ணை (சாதனம் தானே போர்ட்டுக்குக் கொடுக்கும் வரிசை எண்) வைத்து அடையாளம் காணாதீர்கள். ரீபூட் ஆனாலோ, புதுக் கார்டு செருகினாலோ அந்த எண் மாறக்கூடும். நேற்று வரை ஒரு லிங்க்கின் டிராஃபிக்கைக் காட்டிய கிராஃப் இன்று வேறொன்றைக் காட்டும், யாருக்கும் தெரியாது. போர்ட்டின் பெயரை, அதாவது இன்டர்ஃபேஸ் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால், சாதனத்தின் அடையாளமும் அது நிற்கும் கிளையைச் சார்ந்திருக்கக் கூடாது. மாறாத உள் எண் ஒன்று கொடுங்கள். கிண்டியிலிருந்து அம்பத்தூருக்கு ஸ்விட்ச் போனால் தாய்க் கிளை மட்டும் மாறட்டும், பழைய வரலாறு கூடவே வரட்டும். பழையதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. இரண்டு வருடப் பதிவுகள் அப்படிப் போயின. தாய்க் கிளையை அழித்தால் பல மென்பொருள்களில் பிள்ளைகளும் சேர்ந்து அழியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓய்வு பெற்ற சாதனங்களுக்குத் தனிக் கிளை வைத்து அங்கே நகர்த்துவதே நல்லது.

மூன்றாவதுதான் அன்று எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டிய மரம், எது எதன் வழியாகத் தெரிகிறது என்று சொல்லும் சார்பு மரம். இங்கே வேர், கண்காணிப்பு சர்வர். சர்வரிலிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் போகும் வழியில் கடைசியாகத் தாண்டும் ஸ்விட்ச் எதுவோ, அதுவே தாய். கட்டடம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத் தாயாக்கிவிடாதீர்கள். எல்எல்டிபி (நேரடியாக இணைந்த சாதனங்கள் ஒன்றுக்கொன்று தம்மை அறிவிக்கும் நெறிமுறை) தரும் அண்டைப் பட்டியலை எடுத்து இதை நிரப்பலாம். வளையமாக இணைத்த ரிங் அமைப்பில் ஒரு சாதனத்துக்கு இரண்டு தாய்கள் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். நாகியோஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களில் எல்லாத் தாய்களும் விழுந்தால்தான் பிள்ளை 'எட்டவில்லை' என்று மாறும். ஒரு தாய் உயிரோடிருந்தும் பிள்ளை பதில் தராவிட்டால், அது 'டவுன்'. ஆள் அனுப்ப வேண்டியது 'டவுன்' என்று வரும் இடத்துக்கு.

எழுதியதோடு விடாதீர்கள். அனுமதி வாங்கி, ஞாயிறு இரவு 2 மணிக்கு ஒரு அப்லிங்க்கை (ஸ்விட்சை மேலுள்ள நெட்வொர்க்கோடு இணைக்கும் கேபிள்) கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் சிவப்பாகி, பின்னால் இருப்பவை சாம்பல் நிறத்துக்குப் போக வேண்டும். வேளச்சேரி ஸ்விட்சில் கழற்றியபோது எங்களுக்கு முதல் முறை 6 சிவப்பு வந்தது. அந்த 5 கூடுதல் சாதனங்களின் எல்எல்டிபி பட்டியலையும் திறந்து, தாயைத் திருத்தி, அடுத்த ஞாயிறு மறுபடி கழற்றினோம். அப்போது வேளச்சேரி மட்டும் சிவந்தது.