தாத்தாவின் வேட்டை வலைப்பை: கையாலேயே முடிச்சிட்டுப் பின்னும் முறை

மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான் தாத்தா குடியிருந்தார். சமையல்கட்டுச் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒரு வலைப்பை தொங்கும். பால்வெட்டு இல்லாத நாளில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நாயோடு காட்டுப் பக்கம் போய்விடுவார். திரும்பி வரும்போது பைக்குள் காட்டுக்கோழி இருக்கும். ஒன்றும் சிக்காத நாளில் மூங்கில் குருத்து இருக்கும். தோட்டத்தை விற்று எல்லாரும் இடம் மாறியபோது அந்தப் பை எங்கேயோ தொலைந்துவிட்டது. அதைப் போலவே ஒன்று செய்துவிட வேண்டும் என்று ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் முயன்றேன். இரண்டு பை பாழானது. மூன்றாவது நன்றாக வந்தது. அந்த மூன்றாவதைப் பின்னிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேட்டைக்கு ஏன் வலைப்பை? "துணிப்பையில போட்டா வீடு வர்றதுக்குள்ள நாறிடும்" என்பார் தாத்தா. இப்போதுதான் கொன்ற பறவையின் உடலில் சூடு இருக்கும். காற்றுப் படாமல் மூடி வைத்தால் அந்தச் சூடு இறங்காது, இறைச்சி சீக்கிரம் கெடும். நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். வலையில் போட்டால் நான்கு பக்கமும் காற்றுப் போகும். ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் தோல்பையிலும் முன்பக்கம் ஒரு வலை அறை இருப்பது இதற்காகத்தான். நம் பாட்டிமார் பால், தயிர்ப் பானையைத் தொங்கவிடும் உறியும் இதற்குச் சொந்தம்தான்.

இன்று மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கையோ பறவையையோ உரிமம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது. என் பை சௌரஸ்தா பசாருக்குத்தான் போகிறது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அதில் வாடாமல் இருக்கின்றன.

தேவையான சாமான்

கயிறு: 2 மில்லிமீட்டர் தடிப்பில் பருத்திக் கயிறு, 40 மீட்டர். மூன்று புரி முறுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். அலங்காரப் பின்னலுக்கு விற்கும் ஒற்றைப் புரிக் கயிறு மெத்தென்று அழகாக இருக்கும், ஆனால் முடிச்சுக்கு முடிச்சு பிசிறு கிளம்பும். சணல் கயிறும் எனக்குப் பிடிக்கவில்லை. நனைந்தால் பலம் குறையும், மடி முழுக்கத் தும்பு கொட்டும். பருத்தி அப்படியில்லை, நனைந்தால் ஊறி முடிச்சை இன்னும் இறுக்கும்.

வலை பின்னும் ஊசி: மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். தெலுக் பகாங், பத்து மாவுங் பக்கம் போனால் மீனவர்கள் கையில் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம் போதும். மூங்கில் ஊசி பார்க்க அழகு, ஆனால் அதன் சிலாம்பு பருத்தியில் மாட்டி இழுக்கும். நான் பிளாஸ்டிக் ஊசிதான் சொல்வேன்.

அளவுக்கட்டை: 3 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான மரத்துண்டு. இதன் அகலம்தான் முடிச்சுக்கும் முடிச்சுக்கும் உள்ள தூரம். வலையின் கண்ணை இழுத்துப் பிடித்தால் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வரும். 1913இல் அந்த்ரியா என்ற ஊரில் ஒரு பழைய மீன்வலை கிடைத்தது. அந்த இடம் அப்போது பின்லாந்தில் இருந்தது, இப்போது ரஷ்யாவில் இருக்கிறது. வில்லோ மரப்பட்டை நாரால் முடிச்சிட்ட அந்த வலைக்கு வயது சுமார் 10,000 ஆண்டு. அதன் கண்ணும் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். அதைப் படித்த நாளிலிருந்து இந்தக் கட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

கட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் அடிக்கோல் வேண்டாம். வழுக்கும், வளையும்.

தொடக்கம்

ஊசியில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். வேறொரு கயிற்றை 60 சென்டிமீட்டர் வெட்டி, வட்டமாகக் கட்டி ஜன்னல் கிரிலில் மாட்டுங்கள். இதுதான் பையின் அடிக்கயிறு. இதில் 17 இடத்தில் ஊசிக்கயிற்றைக் கட்ட வேண்டும். முளையில் ஆட்டைக் கட்டும்போது போடுவோமே, அந்த இரட்டைச் சுற்று முடிச்சு போதும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே கயிற்றை அளவுக்கட்டையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். 17 கட்டு முடிந்ததும் கட்டையை உருவினால் 16 வளையம் தொங்கும்.

சரி, இப்போது வலையைத் திருப்பிப் போடுங்கள். கயிறு இடப்பக்கம் வந்துவிடும். எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் பின்ன வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் இப்படித் திருப்புங்கள்.

முடிச்சு

என் முதல் இரண்டு பையும் போனது இங்கேதான். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

இடது கையில் கட்டையைப் படுக்கையாக, வளையங்களுக்குக் கீழே பிடியுங்கள். கயிறு கட்டையின் முன்பக்கமாக இறங்கி, அடியில் போய், பின்பக்கமாக மேலே வரட்டும். மேலே தொங்கும் வளையத்துக்குள் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு கீழே இழுங்கள். வளையத்தின் அடிவளைவு கட்டையின் மேல்விளிம்பில் வந்து முட்டும் வரை இழுக்க வேண்டும்.

முட்டியதும் அந்த இடத்தை இடது கட்டை விரலால் அழுத்துங்கள். வளையமும் கயிறும் சேரும் புள்ளி விரலுக்கு அடியில் இருக்க வேண்டும்.

அப்புறம் கயிற்றை இடப்பக்கம் ஒரு வளைவாக வீசி, வளையத்தின் முன்னால் கிடக்க விடுங்கள். ஊசியை வலப்பக்கமிருந்து, மேல் வளையத்தின் இரண்டு கால்களுக்கும் (இரு பக்கக் கயிறுகளுக்கும்) பின்னால் நுழைத்து இடப்பக்கம் கொண்டுவாருங்கள். வீசிய வளைவுக்குள்ளே அது முன்பக்கம் வெளிவர வேண்டும். இப்போது இழுங்கள். முடிச்சு கட்டை விரலுக்கு மேலே, வளையத்தின் இரண்டு கால்களையும் கழுத்தைப் பிடித்தது போலப் பிடித்து இறுகும்.

முடிச்சு முழுதாக இறுகும் வரை கட்டை விரலை எடுக்கவே கூடாது. நான் இழுக்கும்போதே விரலைத் தளர்த்திவிடுவேன். உடனே கயிறு நழுவி வளையத்தின் அடிக்குக் கீழே இறங்கிவிடும். அங்கேயும் ஒரு முடிச்சு விழும், பார்க்கவும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது வளையத்தைப் பிடித்திருக்காது, அதன்மேல் ஓடும். இரண்டாவது பையில் 3 தேங்காய் போட்டுத் தூக்கினேன். முடிச்செல்லாம் ஒரு பக்கம் ஓடி, ஒரு கண் மட்டும் கை நுழையும் அளவுக்கு விரிந்து, மின்தூக்கியில் தேங்காய் கீழே விழுந்தது.

சரிபார்ப்பது எளிது. நான்கு ஐந்து முடிச்சு போட்டதும் கட்டையை உருவுங்கள். முடிச்சை விரல் நுனியால் பிடித்து மேல் வளையத்தின் ஓரமாகத் தள்ளிப் பாருங்கள். அசையாமல் நின்றால் நல்லது. மோதிரம் போல நகர்ந்தால் ஊசி முனையால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். அடுத்த வரிசை வந்த பிறகு அவிழ்ப்பது பெரும்பாடு. முதல் 30 முடிச்சுக்கு நேரமாகும். அதன்பின் கைக்கே தெரிந்துவிடும்.

வரிசைகள்

இப்படி 16 வரிசை பின்னுங்கள். மொத்தம் 256 முடிச்சு. வரிசை முடிவில் வளையங்களை எண்ணுங்கள், 16 இருக்க வேண்டும். ஓரத்து வளையம் மற்றவை போலத் தொங்காமல் ஒதுங்கி நிற்பதால் அதை விட்டுவிடுவது எளிது. விட்டால் வலை ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும்.

கயிறு தீர்ந்தால் புதுக் கயிற்றை ஒரு முடிச்சின் பக்கத்திலேயே இணையுங்கள். கண்ணின் நடுவில் இணைத்தால் அந்தக் கண் கோணிவிடும்.

பையாக்குவது

அடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருக்கி இறுக்கிக் கட்டினால் பையின் அடி தயார். இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்து, ஓர வளையங்களை மாற்றி மாற்றிக் கயிறு கோத்து வாருங்கள். மூன்று கண்ணுக்கு ஒரு முடிச்சு போதும். வாய்ப்பக்கத்துக் கண்களில் ஒரு கயிற்றைக் கோத்துவிட்டால் பாட்டியின் சுருக்குப்பை போல இழுத்து மூடலாம். விரித்து வைத்தால் அகலமும் ஆழமும் 33 சென்டிமீட்டரை ஒட்டி வரும். பாரம் ஏறியதும் குறுகி நீளும், வலையின் இயல்பு அது.

தோள்பட்டைக்கு ஒற்றைக் கயிறு வேண்டாம், தோளை அறுக்கும். ஆறு கயிற்றை இரண்டிரண்டாக எடுத்து, தலைமுடி பின்னுவது போல 120 சென்டிமீட்டர் பின்னுங்கள். அந்த ஆறுக்கு இன்னும் 9 மீட்டர் போகும். வலைக்கு எனக்கு 30 மீட்டருக்குள் முடிந்தது, அதனால் 40 மீட்டரில் எல்லாம் அடங்கிவிடும். பட்டையின் இரு முனையையும் ஒரே கண்ணில் கட்டாமல், வாய்ப்பக்கத்தில் நான்கு கண்ணைச் சேர்த்துப் பிடித்துக் கட்டுங்கள்.

கடைசியாகப் பையைத் தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளே 2 கிலோ அரிசிப் பொட்டலம் வைத்து இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் எல்லாக் கண்ணும் ஒரே அளவில் வந்து நிற்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த மூன்று பேர் கேட்டதையும் சேர்த்துவிடுகிறேன்.

நைலான் கயிற்றில் பின்னியவருக்கு முடிச்சு சரியாக விழுந்தும் நழுவியிருக்கிறது. நைலான் வழுக்கும். ஊசியை இரண்டு கால்களுக்கும் பின்னால் ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சுற்றிக் கொண்டுவந்தால் நிற்கும்.

இன்னொருவருக்கு ஊசியே கண்ணுக்குள் நுழையவில்லை. ஊசியில் கயிற்றை நிறையச் சுற்றியிருந்தார். 6 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இடதுகைப் பழக்கமுள்ள ஒரு அக்கா நான் எழுதியபடியே செய்து தவித்துப்போனார். இடம் என்று எழுதிய இடத்திலெல்லாம் வலம் என்று படியுங்கள் அக்கா, வலமிருந்து இடமாகப் பின்னுங்கள். கயிற்றை வலப்பக்கம் வீசி, ஊசியை இடப்பக்கமிருந்து நுழைக்க வேண்டும். அழுத்துவது உங்கள் வலது கட்டை விரல்.