அகழாய்வுத் தரவைக் காத்தலும் பகிர்தலும்

1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒற்றைப் பிரதியாக இருந்த ஓலைச்சுவடிகள் நமக்கு மீளவே இல்லை. ஆகவே, யாழ்ப்பாணத் தொல்லியல் தளமான கந்தரோடையில் எடுத்த ஒரு மட்பாண்ட ஓட்டின் படம்கூட ஒரே மடிக்கணினியில் கிடக்கலாகாது. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறு ஊரில் என்பதே குறைந்தபட்ச ஒழுங்கு.

ஜேபெக் படம் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நுணுக்கத்தை இழப்பதால், மூலப்படத்தை நுணுக்கம் இழக்காத டிஃப் (TIFF) வடிவிலும் அட்டவணையை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய உரை வடிவான சிஎஸ்வியிலும் (CSV) வையுங்கள். கோப்பின் பெயரே ‘கந்தரோடை_குழி2_படை4_017’ என இடத்தையும் மண்படையையும் சொல்லட்டும். யார், எந்நாள், எந்தக் கமராவால் எடுத்தார் என்பதோடு, ஆள்கூற்று முறைமையின் (இடத்தை எண்களால் குறிக்கும் முறையின்) பெயரையும் தனிக் கோப்பில் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், இது இல்லாவிட்டால் அளந்த எண்கள் எந்த நிலத்தைக் குறிக்கின்றன என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும்.

ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஷா-256 (SHA-256) சரிபார்ப்புத் தொடரைக் கணித்து வைத்து, ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள்; தொடர் மாறியிருந்தால் கோப்பும் மாறியிருக்கிறது.

பகிர்வதற்கு, நிலையான அடையாள எண் வழங்கும் ஸெனோடோ (Zenodo) போன்ற இலவசக் களஞ்சியம் போதும். பயன்பாட்டு உரிமத்தையும் குறிப்பிடுங்கள். ஆனால், இன்னும் அகழப்படாத இடங்களின் துல்லியமான ஆள்கூறுகளை வெளியிடாதீர்கள். புதையல் தோண்டுவோருக்கு அவையே வழிகாட்டி.